ரெகுலேட்டரை மாற்றினால் காற்று மிச்சமாகுமா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 4

ஸ்கூபா கிளப்பில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. குளத்தில் பயிற்சி முடித்து, கடலில் பதினோரு முறை இறங்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என்னால்தான் குழு முன்கூட்டியே மேலே வரவேண்டியிருக்கிறது. மற்றவர்களின் சிலிண்டரில் 90 பார் அழுத்தம் இருக்கும்போது என் அழுத்தமானியின் முள் 50-ஐத் தொட்டுவிடுகிறது. கிளப்பின் ரெகுலேட்டர்கள் பழையவை, சொந்தமாக நல்லது ஒன்று வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு மூத்த உறுப்பினர். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. எந்த வகை வாங்கலாம்? 5 மி.மீ. உடை, 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர், மூழ்குவதற்கு இடுப்பில் 8 கிலோ ஈயம்.

பிப்ரவரி 4, இரவு

வாங்காதீர்கள். இப்போதைக்கு எதையுமே வாங்காதீர்கள்.

ரெகுலேட்டர் காற்றைச் சேமிக்கும் கருவி அல்ல. அதன் முதல் நிலை, சிலிண்டரின் 200 பார் அழுத்தத்தைச் சுற்றியுள்ள நீரைவிட ஏறத்தாழ 10 பார் மட்டும் அதிகமாக இருக்கும்படி குறைக்கிறது. வாயில் கடித்திருக்கும் இரண்டாம் நிலை அதையும் நீரின் அழுத்தத்துக்கே கொண்டுவருகிறது. அதற்கு மேல் எவ்வளவு இழுப்பது என்பது உங்கள் நுரையீரலின் முடிவு. பராமரிப்பில்லாத ரெகுலேட்டரில் மூச்சிழுக்கச் சிரமமாக இருக்கும், அந்தச் சிரமம் கொஞ்சம் காற்றைத் தின்னும். ஆனால் 40 பார் வித்தியாசம் அதனால் வராது.

கணக்கைப் பாருங்கள். கடலில் பத்து மீட்டருக்கு ஒரு பார் கூடுகிறது. 20 மீட்டரில் மொத்தம் 3 பார். தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் அங்கே 60 லிட்டர் இழுப்பார். உங்கள் சிலிண்டரில் 200 பாரிலிருந்து 50 வரை பயன்படுத்தக்கூடியது 1,650 லிட்டர். அது 27 நிமிடம் வரும். அதே ஆள் தரைக் கணக்கில் 15 லிட்டருக்கு இறங்கிவிட்டால் 36 நிமிடம் தாண்டும். அந்த ஒன்பது நிமிடத்தை உங்கள் உடம்பின் அமைதிதான் தரமுடியும், கடையில் கிடைக்காது.

உங்கள் கேள்வியில் என் கண்ணை உறுத்தியது கடைசிச் சொல்தான். 8 கிலோ. யார் கொடுத்த கணக்கு அது?

பிப்ரவரி 5

நேற்று அவசரத்தில் ஈயத்தைத் தொட்டுவிட்டு விட்டுவிட்டேன்.

தேவைக்கு மேல் 3 கிலோ கட்டியிருந்தால், அதைத் தாங்க மிதவைச் சட்டைக்குள் 3 லிட்டர் காற்றைக் கூடுதலாக ஏற்றவேண்டும். அந்தக் காற்று சும்மா இருக்காது. 20 மீட்டரில் 3 லிட்டராக இருப்பது 10 மீட்டருக்கு ஏறும்போது நாலரை லிட்டராகிவிடும், ஒன்றரைக் கிலோ தூக்கும் விசை கேட்காமலேயே சேரும். நீங்கள் வெளியேற்றுவீர்கள், கீழே போவீர்கள், மறுபடி ஏற்றுவீர்கள். சட்டைக்குள் போகும் ஒவ்வொரு லிட்டரும் அதே சிலிண்டரிலிருந்துதான் வருகிறது.

அதைவிடப் பெரிய செலவு உடம்பு நிற்கும் விதம். இடுப்பில் ஈயம் கீழே இழுக்க, மார்பில் காற்று மேலே தூக்க, ஆள் கடல்குதிரை மாதிரி செங்குத்தாக நிற்கிறார். அந்த நிலையில் துடுப்பை உதைத்தால் முன்னே போகமாட்டார், மேலேதான் போவார். கீழிறங்கக் காற்றைக் குறைப்பார், மூழ்காமலிருக்க மறுபடி உதைப்பார். முக்குளிப்பு முழுவதும் படி ஏறுகிற வேலை. மூச்சு வாங்காமல் என்ன செய்யும்?

பிப்ரவரி 5, சற்று நேரம் கழித்து

வழக்கமான எடைச் சோதனைக்கு ஒரு திருத்தம். எடையைச் சோதிக்க, மேற்பரப்பில் சட்டைக் காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு, சாதாரண மூச்சோடு அசையாமல் நின்று, கண்மட்டத்தில் நீர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் நிறைந்த சிலிண்டரோடு செய்தால் கணக்குத் தவறும். காற்றுக்கும் எடை உண்டு. நீங்கள் பயன்படுத்தும் 1,650 லிட்டர் காற்று ஏறத்தாழ 2 கிலோ. போகும்போது இருந்த அந்த 2 கிலோ திரும்பும்போது இருக்காது. ஆகவே முக்குளிப்பின் முடிவில், 50 பாரோடு, 5 மீட்டரில், சட்டை காலியாக இருக்க, உதைக்காமல் நிற்க முடிகிறதா என்பதுதான் உண்மையான தேர்வு.

இன்னொன்று. குளத்தில் சரியாக இருந்த எடை கடலில் சரியாக இருக்காது. கடல்நீர் நன்னீரைவிட இரண்டரை விழுக்காடு அடர்த்தி. ஆளும் கருவிகளும் சேர்ந்து 100 கிலோ என்றால் கடலுக்கு இரண்டரைக் கிலோ கூட்டவேண்டும். அதை அறியாமல் குளத்து எடையோடு கடலில் இறங்கமுடியாமல் தவித்தவர்களுக்கு யாராவது பயந்து இரட்டிப்பாக ஈயம் கொடுத்திருப்பார்கள். பிறகு அந்த எண்ணே அவர்களோடு ஒட்டிக்கொள்ளும்.

பிப்ரவரி 9

கேள்வி கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார்: "குளத்தில் பயிற்சியாளர் 8 கொடுத்தார். கூடுதலாக இருந்தால் பாதுகாப்பு என்றார்."

இது எங்கும் நடப்பதுதான். புதியவர்களைக் குளத்தின் தரையில் வரிசையாக மண்டியிட வைத்து, மாஸ்கில் நீர் புகுந்தால் வெளியேற்றுவது, வாயிலிருந்து நழுவிய ரெகுலேட்டரைத் தேடி எடுப்பது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். மண்டியிட்டவர் மிதந்து எழாமலிருக்க இரண்டு கிலோ கூட. ஆறு பேரை ஒருவர் பார்த்துக்கொள்ளும்போது அது வசதி. ஆனால் கடலில் யாரும் மண்டியிடப் போவதில்லை. மண்டியிட்டால் பவளம் உடையும், சேறு கிளம்பும்.

இதைக் குற்றச்சாட்டாக எழுதவில்லை. பயிற்சி உதவியாளராக நானே நான்கு ஆண்டுகள் அப்படித்தான் கொடுத்தேன். நிறுத்தியது ஒரு மாலைக்குப் பிறகு.

என் பொறுப்பில் வந்த ஒரு மாணவருக்குப் 10 கிலோ கட்டியிருந்தேன். முக்குளிப்பு நன்றாகவே முடிந்தது. மேற்பரப்புக்கு வந்தோம், சற்று அலை இருந்தது. அவர் சட்டைக்குள் காற்றை ஏற்றும் பொத்தானுக்குப் பதிலாக வெளியேற்றும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். ரெகுலேட்டரை ஏற்கெனவே வாயிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். முகம் ஒரு முறை நீருக்குள் போய் வந்தது. இரண்டாம் முறை போனபோது நான் அவருடைய எடைப்பட்டையின் கொக்கியைப் பிடித்து இழுத்தேன். பட்டை கீழே போனது, அவர் தக்கை மாதிரி எழும்பினார். எல்லாம் சேர்த்து எட்டு, பத்து நொடி இருக்கும்.

பிறகு படகில் அவரிடம் கேட்டேன், ஏன் பட்டையை அவிழ்க்கவில்லை என்று. "அது நினைவுக்கே வரவில்லை" என்றார். வகுப்பில் சொல்லியிருந்தேன். கையால் செய்யவைத்ததில்லை. எடை விழுந்தால் குளத்தின் ஓடு உடையும் என்று கிளப்பில் யாரும் அதைப் பழகவிடுவதில்லை. ஓட்டுக்குப் பயந்து, உயிர் காக்கும் ஒரே அசைவைப் பழக்காமல் விட்டிருந்தோம்.

அடுத்த வாரம் நான் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றை வாங்கிக் குளத்தின் தரையில் போட்டேன். எல்லோரும் வலக்கையால் கொக்கியை இழுத்து, பட்டையை உடம்பிலிருந்து கை நீட்டி விலக்கிப் பிடித்து, விடவேண்டும். விலக்காமல் விட்டால் கத்தியிலோ சிலிண்டரிலோ மாட்டிக்கொள்ளும். ஒவ்வொருவரும் ஐந்து முறை. முப்பது ஆண்டு அனுபவமுள்ளவர்களும்.

பிப்ரவரி 10

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. அந்த மாணவருக்கு 10 கிலோ தேவையே இல்லை. 6 போதும். பட்டை அவிழ்க்கும் பயிற்சி இல்லாதது இரண்டாவது தவறுதான். முதல் தவறு அந்த நாலு கிலோ.

பிப்ரவரி 16

வேறொருவர் எழுதியிருக்கிறார்: சிலிண்டர் வால்வை முழுக்கத் திறந்து, பிறகு கால் பங்குத் திருப்பு பின்னோக்கித் திருப்பவேண்டும் என்று தனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், அதைக் கிளப்பில் இப்போது தடுக்கிறார்கள், ஏன்?

தடுப்பது சரி. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், இது ரெகுலேட்டர் கேள்விக்கும் பொருந்தும்.

ஒரு முறை 18 மீட்டரில் மூச்சு இழுக்கக் கடினமானது. ஸ்ட்ராவில் கெட்டியான பானத்தை உறிஞ்சுவது போல இருந்தது. ரெகுலேட்டர் பழுது என்றே நினைத்தேன். மாற்று இரண்டாம் நிலையை, ஆக்டோபஸ் என்கிறோமே அதை, வாயில் வைத்தேன். அதுவும் அப்படியே. அழுத்தமானியைப் பார்த்தேன்: 140. ஆனால் மூச்சை இழுக்கும்போது முள் சடாரென்று கீழே போய், விட்டதும் 140-க்கு வந்தது. அதைக் கண்ட பிறகுதான் புரிந்தது. கூட்டாளியைத் தொட்டு, என் முதுகுப்பக்க வால்வைக் காட்டினேன். அவர் திறந்தார். காற்று வெள்ளமாக வந்தது.

நடந்தது இதுதான். நான் வால்வைத் திறந்து வைத்திருந்தேன். படகில் உதவிய ஒருவர், மூடியிருக்கிறதோ என்று நல்லெண்ணத்தில் சரிபார்க்க வந்து, திறக்கும் திசை என்று நினைத்து மூடும் திசையில் முழுக்கத் திருப்பி, பழைய பாடப்படி கால் திருப்பு பின்னே விட்டுவிட்டார். கால் திருப்பு மட்டும் திறந்த வால்வு. மேற்பரப்பில் அது போதும், மூச்சு இலகுவாக வரும், முள்ளும் 200 காட்டும். ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் மூன்று மடங்கு காற்று வேண்டும்போது போதாது.

ஆகவே ஒன்று முழுத் திறப்பு, அல்லது முழு மூடல், இடைநிலை வேண்டாம். குதிப்பதற்கு முன் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே நான்கு மூச்சு ஆழமாக இழுங்கள். முள் அசையக்கூடாது. கூட்டாளியின் முள்ளையும் பாருங்கள். கிளப்பில் ஒருவர்க்கொருவர் செய்யும் சோதனைகளில் சட்டை, எடை, கொக்கிகள், காற்று என்று போகும் அந்த வரிசையில், காற்றுக்கு வரும்போது பலர் மானியைப் பார்த்துவிட்டு மூச்சிழுப்பார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யவேண்டும்.

பிப்ரவரி 17

கட்டைவிரலை உயர்த்தினால் "நன்று" என்று பொருள் அல்ல, "மேலே போகிறோம்" என்று பொருள். புதிய உறுப்பினர் ஒருவர் ஆமையைப் பார்த்த மகிழ்ச்சியில் கட்டைவிரலைக் காட்ட, குழு முழுவதும் அவரோடு மேலே வந்துவிட்டது. அவர் மட்டும்தான் ஏன் என்று தெரியாமல் வந்தார். அனைவரும் வந்தது சரி. யார் காட்டினாலும், காரணம் கேட்காமல் முடித்துக்கொள்வது கிளப்பின் சிறந்த பழக்கம்.

மார்ச் 1

இன்று கம்ப்ரெசர் முறை என்னுடையது. பன்னிரண்டு சிலிண்டர்கள், நான்கு மணி நேரம், இயந்திர இரைச்சல். கிளப் வாழ்க்கையின் பாதி இதுதான் என்று புதியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

நிரப்பிக்கொண்டே கேள்வி கேட்டவரை நினைத்தேன். வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகும். தொட்டால் சுடும் நிலையில் 200 காட்டுவது, ஆறிய பிறகு 180 பக்கம் வந்து நிற்கும். 20 பார் குறைவு என்றால் 220 லிட்டர், 20 மீட்டரில் கிட்டத்தட்ட நான்கு நிமிடம். நீங்கள் புதியவர், வரிசையில் கடைசியாக நின்று அவசரமாக நிரப்பிய சிலிண்டரை எடுக்கிறீர்களா? நீரில் இறங்கும்முன் என்ன எண் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். 90-க்கும் 50-க்கும் உள்ள இடைவெளியில் ஒரு பங்கு அங்கேயே இருக்கலாம்.

கம்ப்ரெசர் பற்றி இன்னொன்று, இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. காற்றிழுக்கும் குழாய் எப்போதும் காற்று வரும் திசையில், எஞ்சின் புகையிலிருந்து விலகி இருக்கவேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தரையில் தலைவலி மட்டும் தரும் அளவு, ஆழத்தில் அழுத்தத்தோடு சேர்ந்து மயக்கத்தில் தள்ளும். காற்றின் திசை மாறினால் இயந்திரத்தை நிறுத்திக் குழாயை மாற்றுங்கள். எத்தனை பேர் காத்திருந்தாலும்.

மார்ச் 3

ஆக்சிஜன் கூட்டிய நைட்ராக்ஸ் கலவையை எடுத்தால் காற்று நீடிக்குமா என்று ஒருவர். நீடிக்காது. மூச்சின் அளவு அதேதான். ஆக்சிஜன் விழுக்காடு கூடி நைட்ரஜன் குறைவதால் ஏறும்போது கட்டாய நிறுத்தம் தேவைப்படாமல் ஆழத்தில் தங்கக்கூடிய நேரம் கூடும். உங்கள் சிலிண்டர் அதற்கு முன்பே காலியாகிவிட்டால் அதில் பயனில்லை. ஆழ வரம்பும் உண்டு: 32 விழுக்காட்டுக் கலவையில், ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 1.4 பார் என்ற எல்லைக்குள் 33 மீட்டர். கலவையை எடுத்துச்செல்பவரே அளந்து பார்க்கவேண்டும், சிலிண்டரில் ஒட்டியிருக்கும் சீட்டை நம்பக்கூடாது.

மார்ச் 8

மூத்த உறுப்பினர்களிடையே இங்கே ஒரு வாக்குவாதம்: பழைய கிளப் பயிற்சி மேலா, இன்றைய சில நாள் பாடத்திட்டம் மேலா. பிரிட்டனின் முக்குளிப்புக் கிளப் அமைப்பான பி.எஸ்.ஏ.சி. 1953-இல் தொடங்கியது, சி.எம்.ஏ.எஸ். என்ற உலகக் கூட்டமைப்பு 1959-இல். இரண்டும் கிளப்புகளால் ஆனவை. 1966-இல் வந்த பாடி (PADI) என்ற பயிற்சி நிறுவனம் பாடத்திட்டத்தைச் சுருக்கி, விடுமுறைக்கு வருபவரும் கற்கலாம் என்றாக்கியது. எது மேல் என்பதில் எனக்கு ஆர்வமில்லை. மோசமான முக்குளிப்பவர்களை இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒன்றை யாரும் சொல்லவில்லை. 1943-இல் குஸ்தோவும் கஞானும் அக்வாலங் என்ற நீரடி மூச்சுக் கருவியை உருவாக்கியபோது மிதவைச் சட்டை என்ற ஒன்றே கிடையாது. ஈயத்தைத் துல்லியமாகக் கட்டுவதும், மூச்சால் ஏறி இறங்குவதும்தான் வழி. ஒரு கிலோ தவறினால் முக்குளிப்பே நடக்காது. சட்டை வந்த பிறகு தவறை மூடிக்கொள்ளக் காற்று கிடைத்துவிட்டது. சட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை, அது இல்லாமல் நான் இறங்கமாட்டேன். ஆனால் மூச்சால் அரை மீட்டர் ஏறி இறங்கும் அந்தப் பழக்கத்தைக் குளத்தில் மாதக்கணக்கில் பழகக் கிளப்பைப் போல இடம் வேறில்லை. ஒரு நல்ல மூச்சு இரண்டு, மூன்று லிட்டர் மிதப்பைக் கூட்டிக் குறைக்கும். அதைக் கற்றவர் பொத்தானைத் தேடமாட்டார். மூச்சை அடக்கக்கூடாது, அது மட்டும் எப்போதும் நினைவிருக்கட்டும். மெதுவாக்கலாம், நிறுத்தக்கூடாது.

மார்ச் 15

கேள்வி கேட்டவரிடமிருந்து வந்த செய்தி என்னைக் கலங்கடித்துவிட்டது. 8-இலிருந்து நேராக 5-க்கு இறங்கியிருக்கிறார். முக்குளிப்பு முழுவதும் அருமையாக இருந்ததாம், உடம்பு முதல்முறை கிடைமட்டமாக நின்றதாம். கடைசியில் 5 மீட்டரில் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்துக்கு வந்தபோது நிற்கமுடியவில்லை. நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கால் மேலே போக, தலைகீழாக மூன்று நிமிடத்தைக் கழித்திருக்கிறார். கயிறு இல்லையென்றால் மேலே போயிருப்பார்.

இது என் தவறு. ஈயத்தைக் குறையுங்கள் என்று சத்தமாகச் சொன்னேன், எப்படி என்று சொல்லவில்லை. ஒரு நேரத்தில் ஒரு கிலோ மட்டும். கயிறோ சரிவான தரையோ உள்ள இடத்தில். கூட்டாளி ஒரு கிலோ கட்டியைத் தன் சட்டைப்பையில் வைத்திருக்க.

நீங்கள் ஏன் தொடக்கத்தில் மூழ்கி முடிவில் மிதந்தீர்கள் என்பதற்குக் காரணம் உண்டு. உங்கள் சிலிண்டர் அலுமினியம். நிறைந்திருக்கும்போது நீரில் மூழ்கும், காலியாக ஆக மிதக்கும். எஃகு சிலிண்டர் பெரும்பாலும் காலியானாலும் மூழ்கியே இருக்கும். 20 மீட்டரில் நசுங்கியிருந்த நியோபிரீன் உடையும் 5 மீட்டரில் விரிந்து தூக்கும். எல்லாம் ஒன்றாகக் கூடுமிடம் அந்தக் கடைசி ஐந்து மீட்டர். 5 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்குள் அழுத்தம் ஒன்றரைப் பாரிலிருந்து ஒன்றாகிறது. அவ்வளவு குறுகிய தொலைவில் இவ்வளவு பெரிய விகித மாற்றம் ஆழத்தில் எங்கும் இல்லை. நிமிடத்துக்கு 9, 10 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது என்ற விதியும் அங்கேதான் அதிகம் உடைகிறது.

6-ஐ முயலுங்கள். மன்னித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 16

கருவி கேட்டவர்கள் பலர் இருப்பதால் சுருக்கமாக: முதலில் உங்கள் முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க். அடுத்து டைவ் கம்ப்யூட்டர், ஏனென்றால் ஆழமும் நேரமும் கூட்டாளியுடையது உங்களுடையதாகாது. பிறகு துடுப்பு, உடை. ரெகுலேட்டர் கடைசி. புதிய மாஸ்கின் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் இருக்கும், பற்பசை வைத்துத் தேய்க்காவிட்டால் எத்தனை முறை துப்பினாலும் பனி படியும். கிளப் ரெகுலேட்டரை நன்னீரில் அலசும்போது முதல் நிலையின் மூடியைப் போட்டுவிட்டு அலசுங்கள், இரண்டாம் நிலையின் பொத்தானை நீருக்குள் அழுத்தாதீர்கள். உப்புநீர் உள்ளே போகும் வழி அதுதான். பழைய ரெகுலேட்டர்கள் பழசானதில் பெரும்பங்கு இந்தப் பொத்தானுக்கு உண்டு.

ஏப்ரல் 6

கேள்வி கேட்டவரின் செய்தி வந்துவிட்டது. 6 கிலோ, 17 மீட்டர், 41 நிமிடம், படகில் ஏறும்போது 80 பார். 5 மீட்டரில் கயிற்றைத் தொடாமல் மூன்று நிமிடம். அதே பழைய கிளப் ரெகுலேட்டர். இந்த எண்களை நான் என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன்.

பதிவேட்டில் 6 என்று மட்டும் எழுதிவைக்காதீர்கள். கடல், அலுமினியம், 5 மி.மீ. என்பதையும் சேர்த்து எழுதுங்கள், உடை வாங்கிய மாதத்தையும். ஆழத்தில் நசுங்கி நசுங்கி நியோபிரீனின் குமிழ்கள் உடையும், உடையின் மிதப்பு ஆண்டுக்காண்டு குறையும். அடுத்த ஆண்டு இதே நேரம் 6 கூட உங்களுக்கு அதிகமாக இருக்கலாம்.